இடப்பக்கத்துப் பாட்டில்

கல்கத்தாவில் ஒரு தமிழர் காலமானால், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தமிழரசனுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் படம் வேண்டுமே! மனிதர் உயிரோடு நடமாடிய இத்தனை வருஷத்தில் நல்லதாக ஒரு படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. போன பிறகு குடும்பமே பீரோவைக் குடையும். ரேஷன் கார்டிலிருந்து ஒரு முகம், கல்யாண ஆல்பத்தின் ஓரத்திலிருந்து அரை முகம் என்று கொண்டுவந்து அவர் மேஜையில் கொட்டிவிட்டு, "அப்பா சிரிச்ச மாதிரி இருக்கணும் சார்" என்பார்கள். வாழ்நாளில் சிரித்தே அறியாத மனிதரையும் தமிழரசன் எப்படியோ சிரிக்க வைத்துக் கொடுத்துவிடுவார்.

அவருடைய அப்பா கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தவர். கிதிர்பூரில் அவர் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டிலேயே மகனும் தங்கிவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு டிஜிட்டல் கேமரா. பள்ளிக்கூட குரூப் போட்டோ, பாஸ்போர்ட் படம், அலிப்பூர் கோர்ட்டு வழக்குகளுக்காக விரிசல் விட்ட சுவர், இடிந்த மதில் என்று எது வந்தாலும் எடுப்பார். ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் அவர் கைவிடவில்லை. நடுவில் சில வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த அந்த வேலைக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பாலிகஞ்ச் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணுமே, அண்ணன் முறை வைத்து, "ரெண்டு ரோல் ஃபிலிம்லயும் எடுங்க தாதா" என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அப்படி எடுத்த ரோலை அவர் எந்த லேபுக்கும் அனுப்பமாட்டார். தன் கையால் கழுவினால்தான் அவருக்கு மனசு ஆறும். இதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்றே சொல்லலாம்.

கழுவுகிற இடம் வீட்டுக் குளியலறை. அதற்கு ஜன்னல் கிடையாது. கதவுக்கு அடியில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, கும்மிருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடுவார். மூடிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டால் ஒரு குற்றமும் இல்லை. மருந்துகளை மூடியின் துவாரம் வழியாக ஊற்றிக் கொட்டலாம். ஆனால் தமிழரசன் விளக்கைப் போடமாட்டார். தொழில் கற்ற நாளில் இருட்டில் பழகிய கை, வெளிச்சத்தில் தடுமாறும் என்பார். குழாயடி மேடையில் மூன்று பழுப்புப் பாட்டில்கள் நிற்கும். தெருமுனை ஹோமியோபதி டாக்டரிடம் கேட்டு வாங்கியவை, மூன்றும் ஒரே அச்சு. இடப்பக்கம் டெவலப்பர். ஃபிலிமில் ஒளிந்திருக்கும் படத்தை எழுப்புவது அது. நடுவில் தண்ணீர். வலப்பக்கம் ஹைப்போ. எழும்பிய படத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் மீதியை எல்லாம் கரைத்து எடுத்துவிடுவது அதன் வேலை. முதலில் இடப்பக்கம், கடைசியில் வலப்பக்கம். பாட்டில்களில் பெயர் எழுதி ஒட்டியதே இல்லை. இருட்டில் பெயரை யார் படிப்பது?

அந்த வரிசையை வைத்தவள் அவருடைய மனைவி குமுதவல்லி. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த மனுஷன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே என்னதான் செய்கிறார் என்று பயந்துபோனாள். பிறகு அந்த வேலையில் பாதி அவளுடையதாகிவிட்டது. கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஆட்டுங்க... போதும், நிறுத்துங்க... இப்ப ஊத்திருங்க" என்று குரல் கொடுப்பாள். மடியில் முருங்கைக்கீரை ஆய்வதும் கூடவே நடக்கும். வேலை முடிந்ததும் பாட்டில்களை அவள்தான் துடைத்துப் பழைய இடத்தில் வைப்பாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். கல்யாண வீடுகளிலும் அவள்தான் அவருக்குத் துணை. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அதனால் ஊரெல்லாம் படத்துக்குள் இருந்தது, குமுதவல்லி மட்டும் படத்துக்கு வெளியே இருந்தாள். செல்போனைத் தூக்கினாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "போங்க, ஊருல அழகானவங்க இல்லையா?"

நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, போன மார்கழியில், அவளாகவே ஒருநாள் கேட்டாள். "சாந்த்ராகாச்சி ஏரிக்குப் போவோமா? பறவையெல்லாம் வந்திருக்கும். கேமராவையும் எடுத்துக்குங்க. ஃபிலிம் கேமரா."

"பறவைய எடுக்கவா?"

"என்னை எடுக்க."

தமிழரசன் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டே சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "நாளைக்கு நம்ம வீட்டுலயும் படத்திறப்பு வருமில்ல? அப்ப நீங்க பீரோவக் குடைஞ்சிட்டு நிக்கக் கூடாது. சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்து வைங்க. மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டு நான் சுவத்துல தொங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு போய் டாக்சி பிடித்தார்.

ஏரிக்கரையில் காலை வெயில் இதமாக இருந்தது. எங்கிருந்தோ வந்த வாத்துகள் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. தூரத்தில் ரயில்வே யார்டில் வண்டிகளைக் கோக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் சின்ன வயதில் தூங்குவேன் என்று குமுதவல்லி சொன்னாள். ஒரு ரோல் முழுவதையும் அவர் அவள் ஒருத்திக்கே செலவழித்தார். முதலில் கூச்சப்பட்டாள், பிறகு அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். "வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு, நீங்க அங்க போய் நிக்கிறீங்களே! அட்டை பிடிக்க ஆள் இல்லன்னா எல்லாம் மறந்துடுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவர் விரல் பொத்தானை அழுத்தியது. கிடைத்துவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரியும். அந்த நிச்சயம் விரலிலேயே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவுடன் கழுவியிருக்கலாம். அவள்தான், "இன்னிக்கு களைப்பா இருக்கு. நாளைக்கு நான் வெளிய உக்காந்து டைம் சொல்றேன்" என்றாள். அந்த நாளை வரவில்லை. விடிவதற்குள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவள், பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்டாள்.

"கழுவிட்டீங்களா?"

"நீ வந்து டைம் சொல்லு. அப்பத்தான் கழுவுவேன்."

அது வெறும் பிடிவாதமில்லை. அந்த ரோல் கழுவாமல் இருக்கிறவரை அவள் அதைப் பார்க்கத் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று அவருக்குள் ஒரு கணக்கு. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கட்டும். வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும்போது யாருக்குத்தான் இப்படி ஏதாவது ஒரு கணக்கு இல்லை?

குமுதவல்லி வரவில்லை. தை பிறந்து சில நாளில் போய்விட்டாள்.

பெங்களூரிலிருந்து மகள் தீப்தி ஓடி வந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று யாரோ முணுமுணுத்ததைச் சட்டை செய்யாமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் கேவ்ராதலா மயானத்துக்குப் போனாள். வீட்டில் தங்கியது கீழ்வீட்டு சுப்ரியா. துணி தைத்துப் பிழைக்கிற வங்காளப் பெண். குமுதவல்லியை அக்கா முறை வைத்து, 'குமுதி' என்றுதான் கூப்பிடுவாள். அந்த முறையில் தமிழரசன் அவளுக்கு 'ஜாமாய்பாபு', அக்காள் புருஷன். தீப்திக்கு அவள் 'மாஷி', சின்னம்மா. ஒரே சமையலறையில் பாதி நாளைக் கழித்ததில் குமுதவல்லியின் தமிழ் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி மாதங்களில் குமுதவல்லிக்குத் தலை வாரிவிட்டதும், கஞ்சி ஊட்டியதும், முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் அவள்தான். கூடப்பிறந்தவள் செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

உடலை எடுத்துப் போன கையோடு வீடு முழுவதும் கழுவிவிட வேண்டும் என்பது தமிழரசன் வீட்டு வழக்கம். அவருடைய அம்மா இறந்தபோது குமுதவல்லியும் சுப்ரியாவும் சேர்ந்துதான் கழுவினார்கள். "ஒரு மூலை விடக் கூடாது" என்று அப்போது குமுதவல்லி சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது சுப்ரியா ஒற்றை ஆளாக, அழுதுகொண்டே, ஒரு மூலை விடாமல் கழுவினாள்.

படத்திறப்பு நாள் நெருங்கியது. தமிழ் மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்து, "படம் நீங்களே பாத்துக்குவீங்க, அதைப் பத்திக் கேக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பிற்பகல் தமிழரசன் கேமராவிலிருந்து ரோலை எடுத்தார்.

"நான் டைம் சொல்றேன்ப்பா" என்று தீப்தி வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிறு வயதில் அம்மாவின் மடியில் கிடந்து பார்த்த வேலை அது, அவளுக்கும் அத்துப்படி. சுப்ரியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் குமுதவல்லியைப் பார்க்க வேண்டியிருந்தது.

உள்ளே இருட்டில் அவர் ஃபிலிமைச் சுருளில் ஏற்றினார். ஏற்றியது சரியாகத்தான் இருந்தது. டப்பாவை மூடினார். இடப்பக்கம் கையை நீட்டினார். பாட்டில் அங்கே இருந்தது. ஊற்றினார்.

"ஆட்டுங்கப்பா" என்றாள் தீப்தி. குரல் அச்சு அசல் அவள் அம்மாவுடையது. ஹைப்போவுக்கு மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி உண்டு, வேறு நாளாக இருந்தால் மூடியைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். நாள் கணக்கில் அழுது அழுது மூக்கு அடைத்துக்கிடந்தது. அவர் ஆட்டினார், நிறுத்தினார், கொட்டினார், தண்ணீர் விட்டு அலசினார், வலப்பக்கத்துப் பாட்டிலை எடுத்து ஊற்றினார். எல்லாம் கிரமப்படி நடந்தது. கடைசியில் விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்து, ஃபிலிமை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஒன்றுமில்லை. இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு இடப்பக்கத்துப் பாட்டிலில் விரலை விட்டுப் பார்த்தார். டெவலப்பராக இருந்தால் சோப்புத் தண்ணீர் போல வழவழக்கும். வழவழக்கவில்லை. வலப்பக்கத்துப் பாட்டிலில் விட்டார். விரல் வழுக்கியது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். அறை பளபளவென்று இருந்தது. குழாயடி மேடையில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த மருந்துக் கறை ஒரு பொட்டுகூட இல்லை. மூன்று பாட்டில்களும் பளிச்சென்று துடைக்கப்பட்டு, அழகாக வரிசையில் நின்றன. எடுத்து வெளியே வைத்துக் கழுவியவள், திருப்பி வைக்கும்போது இடத்தை மாற்றி வைத்துவிட்டாள். ஹைப்போ முதலில் போய், படம் எழும்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் கரைத்துவிட்டது.

தமிழரசன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். தவறு யாருடையது என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார். ஏரிக்கரை வெயிலும் அந்தச் சிரிப்பும் சற்று முன்வரை அந்தச் சுருளுக்குள் பத்திரமாக இருந்தன. அவரே ஊற்றி, அவரே ஆட்டி அழித்திருந்தார்.

"அப்பா? வந்துச்சா?"

"ஜாமாய்பாபு, குமுதி எப்படி இருக்காங்க?" என்று சுப்ரியாவும் எழுந்துகொண்டாள். "சிரிக்கிறாங்களா?"

கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். கழுவிய அன்று தேய்த்த தேய்ப்பில் அவள் விரல் முட்டிகளில் தோல் உரிந்து இன்னும் ஆறாமல் இருந்தது. இவளிடம் சொன்னால் இவள் உயிரை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள் என்று அவருக்குப் பட்டது.

"ஒண்ணுமே பதியலம்மா" என்றார். "நான் ரோலைச் சரியா மாட்டலை. கேமராவுக்குள்ள ஓடவே இல்லை. வெத்து ஃபிலிம்."

சுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தீப்திக்குத்தான் தாங்கவில்லை. "என்னப்பா சொல்றீங்க? ஊர்ல இருக்கற கல்யாணம் அத்தனையும் எடுத்தீங்க, ஒண்ணுலயாவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா? அம்மான்னா மட்டும் அவ்வளவு அலட்சியமா? அவங்க ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுப்ரியாதான், "அப்பாவ அப்படிச் சொல்லாத மா" என்று அவளை அணைத்துக்கொண்டு போனாள். நியாயமாகத் தனக்கு விழ வேண்டிய வசவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

ஃபிலிமைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. வழக்கம்போல் பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் துணி எடுக்கப் போன தீப்தி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனிக்காரன் போட்ட எண்கள் இருக்கும். கேமராவில் ஓடாத ஃபிலிமாக இருந்தாலும், டெவலப்பர் முதலில் பட்டால் அந்த எண்கள் கறுப்பாகத் தெரிந்தே தீரும். இதில் எண்ணும் இல்லை.

"அப்பா, நம்பர் இல்லையே..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். குளியலறையைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் சுப்ரியா அப்பாவுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வங்காள அரிசி அவருக்கு ஆகாது என்று குமுதவல்லி சொன்னது ஞாபகம் வைத்து, வேறு அரிசி வாங்கி வந்திருந்தாள். தமிழரசன் மகளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் மெல்லத் தலையை அசைத்தார். தீப்தி அந்த ஃபிலிமைச் சுருட்டி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் பீரோவைத்தான் குடைந்தார்கள். பழைய பொங்கல் விழா குரூப் போட்டோ ஒன்றில் குமுதவல்லி அகப்பட்டாள். யாரோ ஒரு பெரியவரின் துண்டைச் சரிசெய்யப் படத்துக்குள் ஓடியவள், வெளியே வருவதற்குள் அவர் பொத்தானை அழுத்தியிருந்தார். பக்கவாட்டு முகம், பாதி மூடிய கண், என்னவோ சொல்ல வாய் திறந்திருந்தது. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த தமிழரசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். ஏரிக்கரைச் சிரிப்பைப் பார்த்த கண்ணால் இந்த முகத்தில் ஒரு பொய்ச் சிரிப்பை ஒட்டவைக்க அவரால் முடியவில்லை. அப்படியே பெரிதாக்கிச் சட்டம் போட்டார்.

பதினாறாம் நாள் கூடம் நிறைய ஜனம். சுப்ரியா ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையைத் தன் கையாலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தாள். திரையை விலக்கினார்கள். பிறகு பின் வரிசையில் ஒருவர், "ஊருக்கெல்லாம் எடுத்தான், பெண்டாட்டிக்கு ஒரு படம் இல்ல பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தமிழரசன் காதில் விழுந்தது. சுப்ரியாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவள் முகம் சிவந்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் பாத்திரங்களை அடுக்கியபடியே, அவரைத் தேற்றுகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பேச ஆரம்பித்தாள். "ஜாமாய்பாபு, நீங்க மனச விடாதீங்க. மறுபடி வேல செய்யுங்க. குமுதி உங்க பாட்டில யாரையும் தொட விடமாட்டாங்க, எனக்குத் தெரியும். அன்னிக்கு நான்தான் எல்லாத்தையும் தொடச்சு, அவங்க வெக்கிற மாதிரியே வெச்சேன். சரியா வெச்சேனா?"

தமிழரசன் படத்தைப் பார்த்தார். தீப்திதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, உரிந்துபோன அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா வெச்சிருந்தீங்க மாஷி. அம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சு."

சுப்ரியாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

இப்போது தமிழரசன் மறுபடியும் கல்யாணங்களுக்குப் போகிறார், ரோல்களைக் கழுவுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் சுப்ரியா வந்து வீட்டைத் துடைத்து, குமுதவல்லி படத்துக்குப் பூ வைத்து, குளியலறையையும் தேய்த்துவிட்டுப் போகிறாள். அதனால் பாட்டில்களை அவர் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. மாற்றினால் டெவலப்பர் கறை மேடையில் மறுபக்கம் படியும், அது அவள் கண்ணில் பட்டுவிடும், ஏன் என்று கேட்பாள். சுப்ரியா வைத்த வரிசையிலேயே அவை நிற்கின்றன. அவர்தான் இருட்டில் நின்று புது வரிசைக்குக் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். கை கேட்கமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் அது முதலில் இடப்பக்கம்தான் போகிறது. பாட்டிலைத் தொட்ட பிறகே அவர் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார்.